கதவு திறந்த பின்னேரம்

வட்டைவிதானை நல்லரத்தினத்தின் உடலை முதலில் கண்டவர்கள், கைக்குழந்தைகளோடு கோயிலிலிருந்து முன்கூட்டியே திரும்பிய இரண்டு பெண்கள். நேரம் பின்னேரம் ஐந்து இருபது. வாய்க்கால் வாவியில் விழும் இடத்தில் குப்பை தடுக்கப் போட்டிருந்த கம்பிகளில் ஒரு வெள்ளை வேட்டி சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. யாரோ அம்மனுக்கு நேர்ந்த துணி தண்ணீரில் வந்துவிட்டது என்று ஒருத்தி நினைத்தாள். மற்றவள் குனிந்து பார்த்தாள். துணிக்குள் கால்கள் இருந்தன.

வம்மியடிச்சேனையின் கண்ணகை அம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறைதான் கதவு திறக்கும். அன்று அந்த நாள். நாலரை மணிக்குக் கதவு திறந்தபோது ஊர் முழுவதும் அந்த வாசலில் நின்றது. வயலில் ஆளில்லை. ஒலிபெருக்கி கட்டக்கூடாது என்பது அந்தக் கோயிலின் கட்டுப்பாடு. அதனால் வாய்க்கால் பக்கம் சத்தமும் இல்லை. ஒரு மனிதனை அடித்துத் தண்ணீரில் தள்ள அதைவிட வசதியான நேரம் அந்த வருடத்தில் வேறு இருந்திருக்காது.

திடீர் மரண விசாரணை அதிகாரி முகைதீன்பாவா ஏறாவூரிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி ஆறு. பொலிஸ்காரர்கள் உடலைக் கரையில் கிடத்தி வைத்திருந்தார்கள். அவர் அதன் அருகே குந்தினார். ஒன்றும் பேசவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சுற்றி நின்றவர்கள் அவர் ஏதோ ஓதுகிறார் என்று நினைத்தார்கள். அவர் ஓதவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். ஏறாவூர்ச் சந்தையில் அவரைப் பற்றி ஒரு கேலி உண்டு: முகைதீன்பாவா உயிரோடிருக்கிறவனோடு பேசமாட்டார், மையத்தோடுதான் பறைவார் என்று. அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. மறுத்ததில்லை.

பின்தலையில் தோல் பிளந்த ஒரு காயம். கூர்மையான ஆயுதம் இல்லை, கனமான இரும்பு. கைகளில் காயம் இல்லை. விரல் நகங்களுக்குள் சேறு.

"காக்கா, இது நேரான கேஸ்," என்றார், அவரை மூத்த அண்ணன்போலக் காக்கா என்றே கூப்பிடும் சார்ஜன்ட் நஸீர். நஸீருக்கு மௌனம் ஆகாது. "மூணு மணிக்கு வீட்ட விட்டு வெளிக்கிட்டிரிக்கார். துருசப் பாத்துட்டு அப்பிடியே கோயிலுக்குப் போறன் எண்டு பொஞ்சாதிக்கிட்டச் சொல்லியிரிக்கார். நாலு இருபதுக்கு அவளுக்கு போன். 'துருசடியில நிக்கன், இந்தா வாறன்' எண்டு. மறுகா ஒரு சத்தமும் இல்ல."

"திறப்பு எங்க?"

"என்ன திறப்பு?"

முகைதீன்பாவா வாய்க்காலின் மேல்பக்கத்தைக் காட்டினார். சற்றுத் தூரத்தில் துருசு தெரிந்தது. வாய்க்காலை மறித்து நிற்கும் இரும்புப் பலகை. அதைத் தூக்கி இறக்க ஒரு முழ நீளமான இரும்புச் சாவி உண்டு; திறப்பு என்பார்கள். தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவதற்காக விவசாயிகள் தெரிவு செய்த வட்டைவிதானையின் கையில் மட்டுமே அது இருக்கும். பலகை இப்போது இறங்கி மூடியிருந்தது. திறப்பைக் காணவில்லை.

"அதாலதான் அடிச்சிரிக்கான்," என்றார் நஸீர். "ஆளும் தெரியும். மதுஷன் எண்டு ஒருத்தன். போன கிழமை தண்ணிக் கூட்டத்தில எல்லாருக்கும் முன்னால, 'உன்ன இந்த வாய்க்காலுக்குள்ளயே புதைக்கிறன் பார்' எண்டு கத்தினவன். இண்டைக்கு நாலே முக்காலுக்கு இந்த வாய்க்கால் கட்டால மோட்டச்சைக்கிள்ள போயிரிக்கான். வாவியில தோணியில நிண்ட ஆள் கண்டிரிக்கார். கோயிலுக்குப் போகாம ஊருக்குள்ள நிண்ட ஆம்புளை ரெண்டே பேர். ஒண்டு இவன். மத்தது அருளம்பலம் எண்டு ஒருத்தர், கால் சுளுக்கி வீட்டில கிடக்கார்."

முகைதீன்பாவா எழுந்து வயலைப் பார்த்தார். சிறுபோகத்துக்கு விதைத்த பயிர் சாண் உயரத்தில் நின்றது. வட்டை என்கிற அந்தப் பக்கத்து வயல்வெளி முழுவதும் மண் வெடித்துக் கிடந்தது. ஒரே ஒரு துண்டில் மட்டும் வெள்ளைக் கொக்குகள் கூட்டமாக நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தன. வெளிச்சம் மங்க, அவை ஒவ்வொன்றாக எழும்பி வாவிப்பக்கம் போயின.

"அது ஆர்ட காணி?"

"அருளம்பலத்தார்ட," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

முகைதீன்பாவா தலையை ஆட்டினார். நடந்தார்.

அருளம்பலத்தின் வீடு வாய்க்கால் கட்டிலிருந்து கூப்பிடு தூரம். மண்டபத்துச் சுவரில் பாதியை ஒரு தொலைக்காட்சிப் பெட்டி பிடித்திருந்தது. அதற்கு எதிரே, காலை முக்காலி மேல் நீட்டியபடி அருளம்பலம் சாய்ந்திருந்தார். ஐம்பது கடந்த, அகன்ற தோள் கொண்ட மனிதர். கணுக்காலில் கட்டு. துணி பால்போல வெள்ளையாக இருந்தது. மனைவி அன்னப்பூரணி கோயிலுக்குக் கட்டிய சேலையோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"கால் என்ன?" முகைதீன்பாவா கேட்டார்.

"வரம்பில சறுக்கிட்டன் ஐயா. நாலு நாளா மஞ்சளும் எண்ணெயும் குழைச்சுப் பத்துப் போட்டுக் கட்டியிரிக்கு. நடக்கேலா."

"கோயிலுக்குப் போகல்ல?"

"எப்பிடிப் போற? சுவிஸில இரிந்து மகன்தான் சொன்னான், அப்பா, உங்களுக்கெண்டுதானே இந்த டிவிய அனுப்பினன், லைவாப் பாருங்க எண்டு. போன வருசத்தில இரிந்து நம்மட பொடியன்மார் வாசலுக்கு வெளிய நிண்டு படம் புடிச்சி வெளிநாட்டாக்களுக்கு விடுறாங்க. உள்ளூரில கால் உடைஞ்சவனுக்கும் அது உதவுது."

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"நாலரைக்கு. கதவு திறக்கிறதில இரிந்து பாத்தன். அஞ்சு இருபதுக்கு வெளிய பொண்டுகள் குழறின சத்தம் கேட்டுத்தான் நிப்பாட்டின. அதுவரைக்கும் இந்தக் கதிரைய விட்டு எழும்பல்ல."

"என்ன பாத்தீங்க?"

அருளம்பலம் கண்ணை மூடிக்கொண்டார். "பூசை பாக்கிற கட்டாடியார் திரைக்கு முன்னால நிண்டார். சீனித்தம்பி அண்ணன் உடுக்கத் தூக்கினார். அவர்ட கை பட்டா ஐயா, கேக்கிறவனுக்கு மயிர் சிலிர்க்கும். அடி ஏற ஏறத் திரை விலகிக் கதவு திறந்திச்சி. பொண்டுகள் குரவை போட்டாளுகள். நானும் இவடத்த இரிந்தே கும்பிட்டன்."

அடுக்களை வாசலில் ஒரு தம்ளர் விழுந்தது. தேநீர் நிலத்தில் பரவியது. அன்னப்பூரணி குந்தி, சேலைத் தலைப்பாலேயே துடைக்கத் தொடங்கினாள். காய்ந்துபோன இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அயலில் ஒரு சாவு. கை நடுங்கும்தானே என்று முகைதீன்பாவா நினைத்தார். அவர் அன்று செய்த பெரிய பிழை அது.

"நல்லரத்தினத்தோட உங்களுக்கு ஏதும் கோபம்?"

"எனக்கா? அவர் முறை பாத்துத் தண்ணி விடுற மனிசன். கோபமெல்லாம் மதுஷனுக்குத்தான்."

முகைதீன்பாவாவின் பார்வை தொலைக்காட்சியில் நின்றது. அதே மாதிரி ஒன்று அவர் வீட்டிலும் உண்டு. கட்டாரில் இருக்கும் மகன் இன்ஷாப் வாங்கித் தந்தது. போன நோன்பில் ஒருநாள் மனைவி ஸைனம்பு கையிலிருந்த ரிமோட்டின் பொத்தானை அமுக்கி "மக்கா லைவ்" என்று சொல்லிவிட்டு, திரையில் வந்த தொழுகையைப் பார்த்து இரு கையும் ஏந்தித் துஆக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான், கீழே சின்ன எழுத்தில் கிடந்ததை அவர் வாசித்தார். அது முந்தின வருடத்துத் தொழுகை. நேரலை என்று தேடினாலும், நிறையப் பேர் பார்த்த பழையதைத்தான் அந்தப் பெட்டி முதலில் தூக்கிவந்து வைத்திருக்கிறது. அவர் சிரித்துவிட்டார். "துஆவுக்கு வருசமிரிக்கா?" என்று ஸைனம்பு சீறினாள்.

அந்த நினைவில் உதடு லேசாக அசைந்தது. சாவு நடந்த ஊரில் சிரிக்கக்கூடாது என்று தன்னையே அடக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

மறுநாள் காலை ஒன்பதரை. ஆஸ்பத்திரிப் பிணவறையின் நடைவழி.

சட்ட வைத்திய அதிகாரி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். இளம்பெண். இரவு முழுக்கக் கடமை என்பது கண்ணில் தெரிந்தது.

"அது சாகிற அடி இல்ல ஐயா. மயங்கியிருப்பார். நுரையீரல் நிறையத் தண்ணி. சேறும் இரிக்கு."

"உயிரோடதான் விழுந்திரிக்கார்."

"ஓம். விழுந்த புறகு தவண்டிருப்பார். நகத்தில சேறு பாத்தீங்கதானே."

"அடிச்சவன் ஒரு கையக் குடுத்துத் தூக்கியிருந்தா?"

அவள் கழற்றிய கையுறைகளைக் கூடைக்குள் போட்டாள். "இண்டைக்கு வார்ட்டில படுத்திருப்பார்," என்றாள்.

முகைதீன்பாவா சுவரோடு நின்றார். அவர் பார்த்த சாவுகளில் கோபத்தில் விழுந்த அடிகள் நிறைய உண்டு. அடித்த பிறகு நின்று பார்த்த கண்கள் குறைவு. அந்தக் கண்கள் யாருடையவை என்று தெரியாமல் அறிக்கையில் கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை.

நஸீர் வேகமாக வந்தார். "மதுஷன இரவே புடிச்சிட்டம். எங்க தெரியுமா? இஞ்சதான். மகப்பேற்று வார்ட்டு வாசல்ல. பொஞ்சாதிக்குப் பிள்ளை கிடைச்சிரிக்காம், உடுப்பும் சுடுதண்ணிப் போத்தலும் எடுக்கத்தான் ஊருக்கு வந்து போனானாம். நல்ல கதை. மூணு மணிக்கு நீதவானுக்கு முன்னால கொண்டு போறம். உங்கட அறிக்கையும் வந்திச்செண்டா ரிமாண்ட்தான்."

"பிள்ளை எப்பிடி?"

"மாசம் முந்திட்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிரிக்காங்க. தாய்க்கு இன்னும் இவனப் புடிச்சது சொல்லல்ல." நஸீர் குரலைத் தாழ்த்தினார். "அது ஒண்டுதான் காக்கா எனக்கும் ஒரு மாதிரி."

இருவரும் மகப்பேற்று வார்ட்டுக்குப் போனார்கள். வெளியே ஒரு நீள வாங்கில் ஒருவர் இருந்தார். மடியில் சுடுதண்ணிப் போத்தல். வலக்கை விரல்கள் போத்தலின் பக்கவாட்டில் தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன. ஒரு தாளம், ஓர் இடைவெளி, மறுபடி அதே தாளம். அவர் முகைதீன்பாவாவைக் கண்டதும் எழுந்தார்.

"மரண விசாரணை ஐயா நீங்கதானே? நான் மதுஷன்ட மாமன். என்ட மகளத்தான் கலியாணம் முடிச்சிரிக்கான். அவன் வாய்க்காரன் ஐயா. கைக்காரன் இல்ல. ஊர் முழுக்கக் கேட்டுப் பாருங்க, எங்க சத்தம் கேட்டாலும் அவன்ட சத்தம்தான் பெரிசு. ஒரு நாளும் ஒருத்தனத் தொட்டதில்ல."

"உங்கட பேர்?"

"சீனித்தம்பி."

முகைதீன்பாவா அப்படியே நின்றார்.

"உடுக்கு அடிக்கிற சீனித்தம்பியா?"

"ஓம். அடிக்கிறதுதான்." விரல்கள் நின்றன. "நேற்று அடிக்கல்ல."

"ஏன்?"

"பகல் பன்னிரண்டுக்குப் புள்ள கிடைச்சது. நாங்க எல்லாரும் ஒரே வீடு, ஒரே உலை. துடக்கு ஐயா. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசல மிதிக்கேலா. இஞ்ச இரிந்துதான் கட்டாடியாருக்கு போன் போட்டுச் சொன்னன்."

"உங்களுக்குப் பதிலா ஆர் அடிச்ச?"

"ஆர் அடிக்கிற? அது எங்களுக்குள்ள உரிமை. எனக்குப் புறகு மருமகன். அவனுக்கும் அதே துடக்கு. அதாலதான் அவனும் கோயிலுக்குப் போகல்ல." கிழிந்த குரலில் சொன்னார்: "உடுக்கு இல்லாமத்தான் ஐயா கதவு திறந்த. குரவை மட்டும்தான். என்ட காலத்தில இப்பிடி நடந்ததில்ல. பேரப்புள்ள வந்ததுக்குச் சந்தோசப்படுறதா, இதுக்கு அழுறதா எண்டு தெரியாம இரிந்தன். மறுகா பொலிஸ் வந்திட்டு."

முகைதீன்பாவா வாங்கில் உட்கார்ந்தார். பக்கத்தில் சீனித்தம்பியும் உட்கார்ந்தார். ஒரு தாதி கடந்து போனாள். உள்ளே எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. அது அந்தக் குழந்தையாக இருக்க முடியாது. அதற்கு இன்னும் அழும் பலம் வரவில்லை.

"நஸீர்," என்றார் கடைசியில். "ஜீப்ப எடுங்க."

பன்னிரண்டு மணி. வாய்க்கால் கட்டில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார் முகைதீன்பாவா. பகல் வெயிலில் வட்டை முழுவதும் வெடிப்புகள் வாய் பிளந்து கிடந்தன. நேற்றுப் பார்த்த அதே துண்டில் அதே கொக்குகள்.

"கொக்குப் பாக்கவா வந்த?" என்றார் நஸீர்.

"ஓம். கொக்கு வெடிச்ச மண்ணில இறங்காது. தண்ணியில புழு பூச்சி மிதந்தாத்தான் இறங்கும். இந்தக் கிழமை அந்தப் பக்கத்துக்குத் தண்ணி முறை இல்ல. ஆனா அவர்ட காணியில மட்டும் தண்ணி நிக்கி."

நஸீர் வரம்பில் ஏறி நின்று அந்தத் துண்டைப் பார்த்தார்.

அருளம்பலம் அதே கதிரையில், அதே முக்காலியில் காலை நீட்டியிருந்தார். அன்னப்பூரணி அடுக்களை வாசலில், நிலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேற்றுப் பாத்தத ஒருக்காப் போட்டுக் காட்டுங்க," என்றார் முகைதீன்பாவா. "எங்கட ஆக்கள் அந்தக் கோயில் வாசலுக்குப் போறதில்ல. எனக்கும் பாக்க ஆசை."

அருளம்பலம் சற்றுத் தயங்கினார். பிறகு பொத்தானை அமுக்கி, கோயிலின் பெயரைச் சொல்லி, கதவு திறத்தல் என்றார். திரையில் இரண்டு படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. இரண்டிலும் அதே வாசல், அதே சிவப்புத் திரை, அதே வேப்பிலைத் தோரணம். ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிய முடியாது. மேலே இருந்த படத்தின் அடியில் மட்டும் ஒரு சின்னச் சிவப்புக் கோடு ஓடி, பாதி வழியும் போகாமல் நின்றிருந்தது.

"அந்தச் சின்ன எழுத்த வாசியுங்க தம்பி."

நஸீர் கிட்டப் போனார். "மேல உள்ளதில, 'ஒரு வருடத்துக்கு முன்'. கீழ உள்ளதில, 'நேற்று'."

"சிவப்புக் கோடு எதில?"

"மேல உள்ளதில. கீழ உள்ளத இந்த வீட்டில ஒருத்தரும் தொடல்ல."

அருளம்பலம் சிரிக்கப் பார்த்தார். "அப்ப மாறிப் பாத்திட்டன் போல. இந்தச் சாமானெல்லாம் நமக்கு எங்க விளங்குது ஐயா."

"மாறும். என்ட வீட்டிலயும் மாறினது. அது குற்றமில்ல." முகைதீன்பாவா அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துப் பேசினார். "நேற்றுச் சீனித்தம்பி உடுக்குத் தொடல்ல. ஆஸ்பத்திரி வாங்கில இரிந்தார். பேரப்பிள்ளை கிடைச்ச துடக்கு. நேற்று அந்தக் கோயில்ல உடுக்குச் சத்தமே இல்ல. வாசலில நிண்ட சின்னப்பிள்ளைக்கும் அது தெரியும். உங்களுக்குத்தான் தெரியல்ல. அதையும் விடுவம். மாறிப் பாத்த ஆளுக்கு எப்பிடித் தெரியும். தம்பி, அந்தக் கோடு எத்தனை நிமிசத்தில நிக்கி?"

நஸீர் பொத்தானைத் தட்டினார். "பன்னிரண்டு."

"நாலரையில இரிந்து அஞ்சு இருபது வரைக்கும் கதிரைய விட்டு எழும்பல்ல எண்டீங்க. டிவி ஓடினது பன்னிரண்டு நிமிசம். குழறின சத்தத்தோட நிப்பாட்டினீங்க. அப்ப அஞ்சு மணிக்குப் புறகுதான் போட்டிரிக்கீங்க. அதுக்கு முதல் எங்க நிண்டீங்க?"

முகைதீன்பாவா காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கடினமில்லை.

"நாலு நாளாப் பத்துப் போட்ட கால். கட்டு வெள்ளையா இரிக்கி. மஞ்சளும் இல்ல, எண்ணெயும் இல்ல. நேற்றே கண்டன். நேற்றே கேட்டிரிக்க வேணும்."

அன்னப்பூரணி உள்ளே போனாள். எதையோ இழுக்கும் சத்தம். அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு சுருட்டிய துணி இருந்தது. மஞ்சள் காய்ந்து, அதற்கு மேல் வாய்க்கால் சேறு காய்ந்து விறைத்த துணி. அதை முக்காலியில், கணவனின் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எரிக்கச் சொன்னார். அடுப்புக்குக் கிட்டக் கொண்டு போனன். எரிக்கேலாமப் போயிட்டு." அவள் முகைதீன்பாவாவைப் பார்த்தாள். "நான் கோயிலுக்குள்ள நிண்டனான் ஐயா. உடுக்கு இல்லாதது எனக்குத் தெரியும். இவர் உங்களுக்குச் சொல்லக்குள்ளயே தெரியும். ஒரு இரவு முழுக்கத் தெரிஞ்சுகொண்டு இவருக்குச் சோறு போட்டிரிக்கன்."

"பறையாம இரி!" என்றார் அருளம்பலம்.

"இரிந்தன்தானே. அங்க அந்தப் பெட்டை பிள்ளையப் பெத்துட்டுப் புருசனத் தேடுறாள். இன்னும் எவ்வளவுக்கு இரிக்கிற?"

அருளம்பலம் காலை முக்காலியிலிருந்து இறக்கினார். நன்றாகவே ஊன்றினார்.

"பயிர் கருகிட்டு," என்றார். "முறை வர இன்னும் பத்து நாள். அதுக்குள்ள ஒண்டும் மிஞ்சாது. கேட்டன். ஆருக்கும் வளையமாட்டன் எண்டிட்டார். ஊரெல்லாம் கோயிலுக்குப் போனாப் போல, கம்பியால நெம்பிப் பலகையத் தூக்கினன். அவர் கோயிலுக்குப் போயிட்டார் எண்டுதான் நினைச்சன். காணிக்குள்ள நிண்ட நேரம், அவர் திறப்பும் கையுமா நிண்டு பலகைய மூடுறார். கையெடுத்துக் கும்பிட்டன். ஒருத்தருக்கும் சொல்லாத எண்டன். 'அம்மன்ட வாசலில வச்சி எல்லாருக்கும் முன்னால சொல்லுவன்' எண்டார். திறப்பக் கீழ வச்சிட்டு வேட்டிய மடிச்சுக் கட்டக் குனிஞ்சார்."

அருளம்பலம் தன் வலக்கையைப் பார்த்தார்.

"விழுந்த புறகு அசைஞ்சார்," என்றார் முகைதீன்பாவா.

அருளம்பலம் கணுக்கால் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். "அசைஞ்சார். நான் திரும்பிப் பாக்கல்ல."

"பாத்தீங்க. பாக்காட்டி அசைஞ்சது தெரியாது."

திறப்பு உழவு இயந்திரப் பெட்டிக்குள், உரப்பைகளுக்கு அடியில் இருந்தது. நஸீர் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். கைபேசியில் நிலையத்துக்குப் பேசினார். நீதவானுக்கு முன்னால் கொண்டு போகிற ஆள் மாறிவிட்டதாகவும், மதுஷனை நிலைய ஜீப்பிலேயே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்படியும் சொன்னார்.

போகும் முன் சாட்சிக்காகத் திரையைப் படமெடுக்க நினைத்து நஸீர் எந்தப் பொத்தானையோ அமுக்கினார். சிவப்புக் கோடு நின்ற இடத்திலிருந்து படம் ஓடத் தொடங்கியது. சீனித்தம்பியின் உடுக்கு மண்டபத்தை நிறைத்தது. குரவை எழுந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஊரின் வழமைப்படி, முதல் வெற்றிலை வட்டாவை ஏந்திக்கொண்டு வட்டைவிதானை நல்லரத்தினம் நடந்து வந்தார். வெள்ளை வேட்டி. ஈரத் தலைமயிர். வாசலில் நின்று, கண்ணை மூடி, உதடு அசைய நெடுநேரம் கும்பிட்டார்.

விலங்கு மாட்டிய கைகளோடு அருளம்பலம் அதைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் நேற்றே அது பழைய படம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சற்று முன் தன் கையால் கொல்லப்பட்ட மனிதர் நேரலையில் வந்து கும்பிட முடியாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த முறை உண்மையாகவே பார்க்கவில்லை. ஜீப்பில் வந்திருந்த கான்ஸ்டபிள்கள் அவரை வெளியே கொண்டுபோனார்கள்.

"இத நிப்பாட்டுங்க காக்கா," என்றார் நஸீர். "பெட்டியச் சீல் வைக்க வேணும்."

முகைதீன்பாவா வாசலைப் பார்த்தார். வாசலில் யாரோ நின்றார்கள். சாவு வீட்டை விட்டு வெளியே வரக்கூடாத பெண். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. நல்லரத்தினத்தின் மனைவி இரத்தினம்மா. அயல்வீட்டில் ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று கேட்டு ஓடி வந்தவள், என்ன கேட்க வந்தோம் என்பதை மறந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது அவரெல்லோ," என்றாள்.

அன்னப்பூரணி கணவன் இருந்த கதிரையைக் காலால் அப்பால் தள்ளினாள். சுவரில் சாத்தியிருந்த பாயை எடுத்து விரித்தாள். இரத்தினம்மா அதில் உட்கார்ந்தாள். அன்னப்பூரணி எட்டி, சுவர் ஓரமாக, வெறும் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பொறுத்துச் சீல் வையுங்க," என்றார் முகைதீன்பாவா.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். வாய்க்கால் கட்டு வரைக்கும் நடந்தார். போன வருடத்து உடுக்கு பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. அது நிற்கும் வரையில் அவர் வாவியைப் பார்த்தபடி நின்றார்.